கடைசி புக்ல யாரு பொணம்?

கலக்காதே, கலக்காதே! ஐயோ, கரண்டிய வெளிய எடு மொதல்ல. எங்க கடலோரத்துல டீயக் கலக்கறவங்கள மனுஷியாவே மதிக்க மாட்டாங்கம்மா. கல்கண்டு அடியில கெடக்கட்டும், க்ரீம் மேல மெதக்கட்டும், நீ பாட்டுக்கு மேலேருந்து குடிச்சுக்கிட்டே எறங்கு. மொத வாய் க்ரீமு, அப்புறம் கசப்பு, கடைசியில இனிப்பு. அவ்வளவுதான் வித்தை. கரண்டி எதுக்கா? அது வேற வேலைக்கு. சொல்றேன், இரு.

ஆங், என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆமா, மியூனிக்லேருந்து வந்திருக்கேன்ற. நாட்டோட அந்தக் கோடியிலேருந்து இந்தக் கோடிக்கு. ரயிலு, அப்புறம் இன்னொரு ரயிலு, அப்புறம் எங்க ஊரு பஸ்ஸு. எதுக்கு? ஒரு கொலக் கதைக்காரியப் பார்க்கறதுக்கு. உங்க ஊர்ல மலை இருக்காமே, ஏரி இருக்காமே, அதெல்லாம் பார்த்து முடிச்சுட்டியா?

மழை விட்டுரும். நாலு மணிக்குத்தான கூட்டம்? தீயணைப்பு நிலையம் இங்கேருந்து கூப்பிடு தூரம். தண்ணி வண்டியெல்லாம் வெளிய நிறுத்திட்டு உள்ள நாற்காலி போட்டிருக்காங்க. எங்கயாவது தீப்பிடிச்சா பிடிக்கட்டும், இலக்கியம் முக்கியமில்லையா. ஊரே காலையிலேருந்து குதிக்குது. கடைசி புக்காம், கடைசி புக்ல யாரு பொணமாம். மீன் கடையில அதான் பேச்சு, முடி வெட்டுற எடத்துல அதான் பேச்சு. கறிக்கடை ஐலர்ட் நெஞ்ச நிமித்திக்கிட்டு அலையறான், நான்தான், நான்தான்னு. இருபது வருஷமாக் காத்திருக்கேன், இந்தத் தடவையாவது என்னையக் கொல்லாமயா போயிருவான்னு.

இல்லம்மா, நான் வரல. எனக்கென்ன வேலை அங்க.

ரோஸ்விதாவ எனக்கு நல்லாத் தெரியும். நீ புக்குப் பின்னாடி அட்டையில பார்த்திருப்ப, மஞ்ச மழைக்கோட்டுப் போட்டுக்கிட்டுக் கடலையே மொறைச்சுப் பார்த்துக்கிட்டு. வட கடலின் குரல்னு கீழ போட்டிருக்கும். குரலாம்! ஸ்டுட்கார்ட்டுப் பக்கத்துக்காரி. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல உக்காந்து யாரு கால ஒடைச்சுக்கிட்டா, யாரு பொய் சொல்றான்னு பார்த்துக்கிட்டிருந்தவ. புருஷன் வேண்டாம்னு போயிட்டான், நெஞ்சுச் சளி, டாக்டரு கடல் காத்து வாங்கச் சொன்னாரு. காத்து வாங்க வந்தவ வாங்கிட்டுப் போக வேண்டியதுதான? பழைய பள்ளிக்கூட வாத்தியாரு வீட்ட வாடகைக்கு எடுத்து, ஒரு டைப்ரைட்டரத் தூக்கி வெச்சுக்கிட்டு, டக்கு டக்கு டக்குன்னு. என்னமோ மரங்கொத்தி குடிவந்த மாதிரி.

அப்ப அவளுக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்ங்கற? கடல் வத்தும், ஏறும்னே தெரியாது. வந்த மொத நாள் கரை மேட்டு மேல ஏறி நின்னு, கடல் எங்கன்னு கேட்டா பாரு. அது வத்திப் போய் வெறும் சேறாக் கெடக்கு. யாரோ எடுத்துட்டுப் போயிட்ட மாதிரி கோவமா வேற கேக்கறா. இவ எங்க ஊரு கதைய எழுதறாளாம்.

மொத புக் படிச்சிருக்கியா? படிச்சுட்டு ரசிச்சியா? ஹூம். எங்க ஊரு விழுந்து விழுந்து சிரிச்சுது. பெரிய பண்ணைக்காரரு டீ குடிக்க உக்கார்றாரு. கல்கண்டுல விஷம். ஒரு வாய் வெச்சாரு, அப்படியே மேசை மேல விழுந்தாரு. ஏம்மா, உன் கப்புக்குள்ளயே எட்டிப் பாரேன். கல்கண்டு கரைஞ்சுதா? கரையாது. மூணு கப்பு ஊத்துனாலும் அதே கல்கண்டு மேலதான் ஊத்துவோம். விஷம் வெச்சவன் எதுர உக்காந்து மழையப் பத்திப் பேசி, மாட்டப் பத்திப் பேசி, மாமியாரப் பத்திப் பேசி, எல்லாம் முடிச்சு அவன் வீட்டுக்குப் போய் பூட்ஸக் கழட்டுன அப்புறம்தான் இவன் சாவான். அதுகூடத் தெரியாம ஒரு கொல.

சிரிக்காத. அதச் சொன்னதே நான்தான். ரொட்டிக் கடையில அவள நிறுத்தி வெச்சு, எல்லாரு முன்னாடியும் சொன்னேன். மொகம் செவந்துபோச்சு. மறுநாள் பாரு, வாசல்ல வந்து நிக்கிறா. கெஸ்கே, எனக்கு டீ குடிக்கக் கத்துக் குடுன்னு. நீ உக்காந்திருக்கியே, இதே நாற்காலி. உன்னைய மாதிரியேதான், வந்ததும் கரண்டிய விட்டுக் கலக்குனா.

ஆங், கரண்டி. அதாவது எங்க வழக்கத்துல போதும்னு வாயால சொல்லக் கூடாது. அது மரியாதையில்ல. போதும்னா கரண்டிய எடுத்துக் கப்புக்குள்ள நிக்க வெக்கணும். வெச்சுட்டா வீட்டுக்காரி புரிஞ்சுக்குவா. வெக்கிற வரைக்கும் அவ ஊத்திக்கிட்டே இருப்பா. மூணு கப்புக்கு முன்னாடி கரண்டிய வெச்சா, அது மொகத்துல அடிச்ச மாதிரி. என்ன கெட்டுப்போச்சு இந்த வீட்லன்னு அர்த்தம். அதனால நீ இன்னும் ஒரு கப்பாவது குடிச்சாகணும், தப்பிக்க முடியாது.

அவ வேலை செய்யற லட்சணத்தக் கேளு. கரை மேட்டுல நடந்துக்கிட்டே தனியாப் பேசுவா. ஆட்டுக்குட்டியெல்லாம் பயந்து ஓடும். ஐலர்ட் கடைக்குப் போய் கொக்கியில ஒரு மனுஷன் தொங்குவானான்னு கேப்பா, அதுவும் சனிக்கிழமை கூட்டத்துல. பாதிரியார வயக்காட்டுல மல்லாக்கப் படுக்கச் சொல்லிச் சுத்திக் குச்சி நட்டு வெச்சா. அந்தாளும் படுத்தாரு பாரு! ஒரு தடவ, இதக் கேளு, உருளைக்கிழங்கு மூட்டை ஒண்ணு கட்டி, ஒரு ஆம்பள எடைக்கு, அதுக்கு ஒரு பழைய சட்டையையும் மாட்டிவிட்டு, மதகு மேலேருந்து தண்ணியில தள்ளிவிட்டா. வத்தத்துல தள்ளுனா பொணம் எங்க போய் ஒதுங்கும்னு பார்க்கணுமாம். நல்ல உருளைக்கிழங்கு! ஊர்ல பைத்தியம் முத்திப்போச்சுன்னு சொன்னாங்க.

ஒதுங்குச்சு, ஒதுங்குச்சு. மூணாம் நாள் காலையில அடுத்த ஊரு கரையில, அலை தடுக்கப் போட்ட கல்லு இடுக்குல. சட்டை கூடக் கழறல. நான் பார்த்தேன். எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு, போனேன், பார்த்தேன். அத விடு.

எங்க ஆளுங்களச் சொல்லணும் மொதல்ல. இவளுக்கு இவ்வளவு திமிரு ஏத்திவிட்டதே அவங்கதான். ரொட்டிக்கடை ஹாபோவ மாவுத் தொட்டியில முக்கிக் கொன்னா. பேரத்தான் மாத்துனா, தொப்பையும் மீசையும் அப்படியே அவனேதான். வேற ஆளா இருந்தா கோர்ட்டுக்குப் போயிருப்பான். இவன் என்ன பண்ணான்? கடை வாசல்ல போர்டு வெச்சான், என்னைக் கொன்ற இடம் இதுதான்னு. பொண ரொட்டின்னு ஒண்ணு சுட்டு விக்கிறான், உள்ள செவப்பு ஜாம். நீ கூட வாங்கியிருப்ப. வாங்குனியா? தெரியும், பையப் பார்த்தாலே தெரியுது.

பாதிரியார மெழுகுவத்தித் தண்டால அடிச்சுக் கொன்னதுக்கு, அவரு மேலிடத்துல புகார் பண்ணப் போறேன்னு குதிச்சாரு. அப்புறம் தங்கச்சிக்கு, மச்சானுக்குன்னு ஒரு கட்டு புக்ல கையெழுத்து வாங்கிட்டுப் போனாரு. மேயரு ரெண்டு வருஷம் அவ பின்னாடியே சுத்துனாரு, ஒரு தேர்தலுக்குக் கூட அந்தாளு அப்படி அலையல. பாவம்னு கொன்னா. ஆனா எருக்குழியில, ஒத்த வரியில. மேயரோட பொண்டாட்டி இன்னைக்கும் ரோஸ்விதாகிட்டப் பேசறதில்ல. புருஷன் செத்ததுக்கு ஒரு பக்கமாவது எழுதக் கூடாதான்னு.

என்ன? எல்லா புக்கும் எனக்கு அத்துப்படியா? அட, நான் எங்க படிக்கிறேன். உன்னைய மாதிரி இங்க ரூம் எடுத்துத் தங்கறவங்க விட்டுட்டுப் போறாங்க, கால நீட்டறப்ப புரட்டுவேன். அந்த அலமாரியா? அது... ஆமா, வரிசையாத்தான் இருக்கு. வெளிவர அன்னைக்கே வாங்குனாத்தான் வரிசையா வெக்க முடியும்ங்கறியா? உனக்கு ரொம்பத்தான் கூர்மை. துப்பறியற கதையே படிச்சுப் படிச்சு அதே புத்தியாப் போச்சு. கப்ப நீட்டு.

இந்தா, ரெண்டாவது. க்ரீம ஓரமா விடு, நடுவுல ஊத்தாத. அப்படித்தான்.

என்னையவா? எந்த புக்லயும் நான் இல்ல. செத்தவளா இல்ல, கொன்னவளா இல்ல, சன்னல் தெரைய வெலக்கி எட்டிப் பார்க்கற பக்கத்து வீட்டுக்காரியாக் கூட இல்ல. இந்தத் தெருவுல எல்லா வீட்லயும் கொல விழுந்திருச்சு, என் வீட்டத் தவிர. தபால்காரன் நாயக் கூடக் கொன்னா. கதவு நம்பரு கூடப் போட மாட்டா என் வீட்டுக்கு. அந்த மூலை வீடுன்னு சொல்லிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருவா.

பொறாமையா? எனக்கா? நல்லாக் கேட்ட போ. எருக்குழியில கெடக்கறதுக்கு எனக்கென்ன பொறாமை.

எழுத்துன்னா எழுத்து, சகிக்காது. ஒவ்வொரு புக்லயும் பனி எறங்கும். ஒவ்வொரு புக்லயும் யாரோட நாயாவது ஓடிப்போய்க் கரையோரம் மோந்து பார்த்துக் குரைக்கும். பத்தாவது பக்கத்துல பொணம் கெடச்சாகணும். கடைசிப் பக்கத்துக்குள்ள எல்லாம் தெரிஞ்சாகணும், யாரு, ஏன், எப்படி, அன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டான்கற வரைக்கும். உலகத்துல அப்படியா நடக்குது? அவ கதையில வர்ற அந்த இன்ஸ்பெக்டர் மென்னோ இருக்காரே, அவருக்கு ஒரு எடத்துலயும் தப்பாப் போகாது. அப்படி ஒரு போலீஸ்காரன எங்க ஜில்லாவுலயே நான் பார்த்ததில்ல. எங்களுக்கு வாச்சவன், ஆம்பளதான, கோவிச்சுட்டுப் போயிருப்பாரு, பசிச்சா வருவாருன்னு சொல்லிட்டு சாண்ட்விச்சப் பிரிச்சான்.

ஒரே ஒரு பக்கம் அவளுக்கு வரும். ஒத்துக்கறேன். மென்னோ போய்ச் செத்தவனோட பொண்டாட்டி வீட்டுக் கதவத் தட்டுற பக்கம். எல்லா புக்லயும் வரும், கவனிச்சிருக்கியா? தட்டிட்டு ஒரு எட்டுப் பின்னாடி நிப்பாரு. கால மிதியடியில தொடைப்பாரு, ரெண்டு காலையும், மெதுவா. அவ கதவத் தெறந்ததும் தொப்பியக் கழட்டுவாரு. உக்காருங்கம்மான்னு சொல்ல மாட்டாரு, அவ உக்கார்ற வரைக்கும் காத்திருப்பாரு. அப்புறம் சுத்தி வளைக்காம சொல்லிருவாரு. கெடச்சுட்டாருங்க, உங்க வீட்டுக்காரருதான்னு. அவ அடுப்புல இருக்கற பாலப் பார்ப்பா. பால் பொங்கும், மென்னோ போய் அடுப்ப அணைப்பாரு. அந்தப் பக்கத்த மட்டும் குறை சொல்ல முடியாது. அது மட்டும் எங்கேருந்து வருதுன்னு தெரியல அந்த இன்சூரன்ஸ்காரிக்கு.

அந்தப் போட்டோவா? ஓக்கோ. என் வீட்டுக்காரரு. இறால் கூடை வெச்சிருந்தாரு, கடல் வத்துனதும் சேத்துல எறங்கிப் போய்ப் பார்த்துட்டு வருவாரு.

இல்ல. இப்ப இல்ல.

செத்தாரான்னு கேட்டா நான் என்ன சொல்ல. அவளோட மொத புக் வந்த மறு வருஷம், நவம்பர் மாசம். மத்தியானம் கோஸும் சாஸேஜும். ரெண்டாவது தடவ போட்டுக்கிட்டாரு. பூட்ஸ மாட்டிக்கிட்டுக் கூடையப் பார்க்கப் போனாரு. பனி எறங்குச்சு. நெசப் பனிம்மா, புக்ல வர்றது இல்ல. மணிக்கூண்டுல மணி அடிச்சுக்கிட்டே இருந்தாங்க, சத்தத்த வெச்சாவது கரைக்கு வருவாருன்னு. வரல. தேடுனாங்க, படகு போச்சு, ஹெலிகாப்டர் வந்துச்சு. ஒரு கூடை கெடச்சுது. அவ்வளவுதான்.

அப்புறம் ஊரு ஆரம்பிச்சுது. ஹாபோ பொண்டாட்டி ஹாம்பர்க் துறைமுகத்துல அவர மாதிரியே ஒருத்தரப் பார்த்தாளாம். எம்டன் டவுன்ல ஒரு ஓட்டல்காரி இருந்தாளாம், அவளையும் காணலையாம். கூடைய அவரே விட்டுட்டுப் போயிருப்பாராம். மொகத்துக்கு நேரா ஒருத்தி சொல்ல மாட்டா, நான் ரொட்டிக் கடையில நொழைஞ்சதும் பேச்சு மாறும். ஏம்மா, நீயே சொல்லு, விட்டுட்டு ஓடிப்போறவன் ரெண்டாவது தடவ கோஸ் போட்டுக்குவானா?

இவ அப்ப வந்தா. ரோஸ்விதாதான். வந்தான்னா, அவ வீட்டுக்குக் கூப்பிட்டா. டீ போட்டா, முறையா, கல்கண்டு, க்ரீம், எல்லாம் நான் கத்துக் குடுத்தபடி. ரெண்டாவது கப் ஊத்தறப்ப சொல்றா, கெஸ்கே, ஓக்கோவப் பத்தி எழுதட்டுமான்னு. பேர மாத்திடறேன், ஆனா கண்டுபிடிச்சுக் குடுத்துடறேன்னா. எனக்கு வந்துச்சு பாரு. அவரு போயி ஒரு வருஷம் கூட ஆகல, இவளுக்குக் கதையாக் கேக்குதுன்னு. கரண்டிய எடுத்தேன், கப்புக்குள்ள நட்டேன். ரெண்டாவது கப்புலயே. எந்திரிச்சு வந்துட்டேன்.

அதோட விட்டுட்டா. அதத்தான் சொல்ல வரேன். டீயக் கலக்கறவ, கல்கண்டுல விஷம் வெக்கறவ, கடல் எங்கன்னு கேட்டவ, எதையுமே ஒழுங்காப் புரிஞ்சுக்காதவ, இந்த ஒண்ண மட்டும் கரெக்டாப் புரிஞ்சுக்கிட்டா. அப்புறம் எத்தன பேரக் கொன்னா, எத்தன பொணத்தக் கரைக்குக் கொண்டு வந்தா! என் வீட்டுப் பக்கமே வரல. மரியாதையாம். யாரு கேட்டா உன் மரியாதைய? ஒரு கரண்டியக் கப்புல போட்டா அது டீக்குத்தானடி? எழுதறவன்னு பேரு வெச்சிருக்க, மறுவாரம் வந்து இன்னொரு தடவ கேக்கத் தெரியாதா? இன்சூரன்ஸ் ஆபீஸ்ல ஒரு கால் முறிவுக்கே நாலு தடவ போய்க் கேட்டிருப்பல்ல?

உருளைக்கிழங்கு மூட்டை கூடத் திரும்பி வந்துச்சும்மா. மூணே நாள்ல.

இல்ல இல்ல, அழல. நெருப்புப் பொகை. இந்த அடுப்பு காத்தடிச்சா இப்படித்தான்.

போன மாரிக்காலம் பேப்பர்ல வந்துச்சு, கை நடுங்குது, இன்னும் ஒண்ணோட நிறுத்தறேன்னு. நான் போனேன். அன்னைக்குக் கரண்டிய நட்டதுக்கப்புறம் மொத தடவ, அவ வீட்டுக்கு. அவளுக்கு ஆச்சரியம். கை நடுங்க நடுங்க ஊத்துனா, தட்டெல்லாம் டீ. ஒரு கப், ரெண்டு, மூணு. அவ பார்க்கறா என் கரண்டிய. நான் தொடல. நாலு. மழையப் பத்திப் பேசுனோம். அஞ்சு. கெட்டில் காலியாச்சு, எந்திரிச்சுப் போய்ப் புதுசாப் போட்டுட்டு வந்தா. இருட்டற வரைக்கும் குடிச்சேன், வயிறு கல்லாப் போச்சு. கரண்டிய எடுக்கவே இல்ல. தட்டு ஓரத்துல அப்படியே வெச்சுட்டு, கோட்ட மாட்டிக்கிட்டு வந்துட்டேன். வாசல் வரைக்கும் வந்தா, ஒண்ணும் கேக்கல.

வாயால சொல்லணுமா? ஏன் சொல்லணும்? அதான் கத்துக் குடுத்தேன்ல.

மழை விட்டுருச்சு பாரு. கெளம்பு, போனாத்தான் முன் வரிசை கெடைக்கும், ஐலர்ட் வேற நாலு நாற்காலிய அடைச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். கப்ப வை, கரண்டியெல்லாம் வேண்டாம், அதெல்லாம் உனக்கு மாப்பு.

இந்தாம்மா, நில்லு. புக்கு வாங்குவல்ல. வாங்குனதும் முழுசாப் படிக்க வேண்டாம். ஒரு பத்துப் பக்கம் புரட்டு, நாய் குரைக்கற எடம். கெடக்கற ஆளு காலப் பாரு. எடது பூட்ஸ்ல செவப்பு ஒட்டு, சைக்கிள் டியூப் ஒட்டு, நான் ஒட்டுனது. அவரக் காணோம்னு ஊரெல்லாம் ஒட்டுன நோட்டீஸ்ல போட்டிருந்தாங்க, அவளுக்கும் தெரியும். அது இருக்கான்னு மட்டும் பாரு.

யாரு கொன்னது, எதுக்குக் கொன்னது, அதெல்லாம் எனக்கு வேண்டாம். நான்தான் கொன்னேன்னு எழுதியிருந்தாலும் பரவாயில்ல. ஆளு கெடச்சாரான்னு மட்டும் பார்த்துட்டு வா. வந்து தட்டு, கதவு தாழ் போட்டிருக்க மாட்டேன், ஆனா தட்டு. கால நல்லாத் தொடைச்சுட்டு வா.